தபால்துறைக்கு எது சோறு போடும்: பார்சலா, பணமா?

கடிதம் குறைந்துபோய், 2025இல் பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். இனி பிழைக்க இரண்டு வழி.

பார்சல் என்றால், மும்பையில் தனியார் கூரியர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். தாராவியில் தைத்த தோல் பைகளை அவர்கள் ஆளே பட்டறைக்கு வந்து எடுத்துப் போகிறான்.

பணம் வேறு கதை. தாராவித் தமிழர் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே மகன் அம்மா கணக்கில் போட்டால், அங்கே தபால்காரர் வாசலுக்கே வந்து, சின்னக் கருவியில் அம்மாவின் விரலை வைக்கச் சொல்லி, நோட்டை எண்ணிக் கொடுக்கிறார். 2018இல் தொடங்கிய அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியின் வேலை இது. எந்தக் கூரியர்காரர் செய்வார்? ஆனால் அந்த வங்கி கடன் கொடுக்க முடியாது. கணக்கில் 2 லட்சத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. சரி, அப்படியும் என் ஓட்டு பணத்துக்குத்தான். பார்சலை, கூரியர் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.