முன் ஷாஃப்ட்டைக் கழற்ற விடும் முன் மூன்று பெயின்ட் கோடு போடுங்கள்

கிளட்ச் மாற்றப் போன 4 வீல் டிரைவ் பிக்கப் அது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். கிளட்ச் வேலையில் குறையில்லை; அதற்காக, முன் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் குழாயான முன் ஷாஃப்ட்டையும் இறக்கி மாட்டியிருந்தார்கள். ஆனால் பைபாஸில் 70-ஐத் தொட்டதும் தரைப் பலகை அதிர ஆரம்பித்தது. திருப்பிக் கொண்டுபோனால், "முன் ஷாஃப்ட் கிராஸ் ரெண்டும் போயிடுச்சு சார்" என்று 2 நாள் வைத்துக்கொண்டு 9,800 ரூபாய் பில். கிராஸ் என்பது ஷாஃப்ட்டின் இரு முனையிலும் இருக்கும், மடங்கியபடி சுற்ற விடும் கூட்டல் குறி வடிவ மூட்டு. அதிர்வு அப்படியே இருந்தது. கேட்டதற்கு வந்த பதில்: "மெட்ராஸ்ல 4 வீலு எதுக்கு சார்? ஷாஃப்ட்டைக் கழட்டி வீட்ல போட்டுட்டு ஓட்டுங்க, மைலேஜும் ஏறும்."

பாடி ஏரியாவில் வேறொரு மெக்கானிக்கிடம் இறக்கிப் பார்த்தபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. கிராஸை மாற்றவே இல்லை, துடைத்து கிரீஸ் அடித்திருந்தார்கள். ஷாஃப்ட்டின் இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசையான ஸ்ப்லைன் பிசகி மாட்டியிருந்தது. 8 போல்ட்டில் 3, தலையில் எந்த எண்ணும் இல்லாத ஹார்டுவேர் கடைச் சரக்கு. ஷாஃப்ட் சேரும் இடத்தில் ஆக்சிலின் பினியன் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பினியன் நட்டில் உளி அடித்த தழும்பு.

முன் ஷாஃப்ட்டை இறக்குவது பெரிய வேலையே இல்லை. பெரும்பாலான வண்டிகளில் ஒரு முனைக்கு 4 வீதம் 8 போல்ட், தெரிந்த கைக்கு அரை மணி நேரம். 2 நாள் கேட்டாலே சந்தேகப்படலாம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் உட்கார்த்த வேண்டும். தார் ரோட்டில் 4 வீலில் ஓட்டி வந்த வண்டியில் ஷாஃப்ட் முறுக்கேறி நிற்கும். சக்கரத்தைத் தூக்கினால் அது விட்டுவிடும். தூக்காமல் கடைசி போல்ட்டைக் கழற்றினால் ஷாஃப்ட் சடாரென்று சுற்றி விரலைப் பதம் பார்க்கும். லீவரை 2 வீலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மேலே ஒளிந்திருக்கும் போல்ட் கீழே வரும். பிறகு 4 வீலும் ஒரு கியரும் போட்டால் ஷாஃப்ட் சுற்றாமல் நிற்கும், ஸ்பேனர் பிடிக்கலாம்.

ஸ்பேனர் வைப்பதற்கு முன்பே வெள்ளை பெயின்ட்டில் மூன்று கோடு: இரண்டு முனையிலும் போல்ட் மாட்டும் தட்டையான ஃப்ளாஞ்சில் ஒவ்வொன்று, நடுவில் வழுக்கும் ஸ்ப்லைன் குழாயின் குறுக்கே ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுவார்கள். ஷாஃப்ட்டைத் தூக்கும்போது ஸ்ப்லைன் தானாகவே உருவிக்கொண்டு வரும், திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஒரு முனையில் கூடுவதை மறுமுனை ஈடுகட்ட வேண்டுமென்றால் கிராஸைப் பிடித்திருக்கும் கவையான இரண்டு யோக்கும் கம்பெனி வைத்த கோணத்திலேயே இருக்க வேண்டும். ஷாஃப்ட்டைச் சமதரையில் படுக்க வைத்து, இரண்டு முனை யோக்கின் காதுகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சில வண்டிகளில் கம்பெனியே வேண்டுமென்று தள்ளி வைத்திருக்கும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் கோடு.

இறக்கும்போது முதலில் ஆக்சில் பக்கம், பிறகு சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். ஒரு முனையைக் கழற்றிவிட்டு மறுமுனையில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களிடம் வண்டியை விடவே வேண்டாம், ஜாயின்ட் அங்கேயே கெட்டுப்போகும். குழாயில் சுத்தியல் அடி பட்டால் பேலன்ஸ் போச்சு. குழாய்மேல் வெல்டு வைத்திருக்கும் சின்னத் தகடுகள் பேலன்ஸ் வெயிட், துரு என்று நினைத்துச் சுரண்டிவிடுவதும் நடக்கிறது. பழைய ஜீப்பில் இருப்பதுபோல யூ-போல்ட் வகை என்றால் கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப்புகளை உடனே டேப் சுற்றிக் கட்ட வேண்டும். கப் விழுந்தால் ஊசி ரோலர் சிதறும். ஒரு ஊசி கப்பின் அடியில் படுத்துக்கொண்டால் கப் முழுதாக இறங்காது, கப்பைப் பிடித்து வைக்கும் வளையமான சர்க்ளிப் காடிக்குள் போகாது. அப்போது சுத்தியலை எடுப்பவர்தான் கிராஸைக் கொல்கிறார்.

போல்ட் தலையில் வலிமையைக் காட்டும் எண், பெரும்பாலும் 10.9, இருக்க வேண்டும். 10 மிமீ போல்ட் என்றால் பெரும்பாலும் 60 முதல் 75 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவார்கள், சரியான அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும்.

பினியன் நட்டுக்கும் ஷாஃப்ட் கழற்றுவதற்கும் சம்பந்தமே கிடையாது. "சீல் லீக்" என்று சொல்லி அதைத் தொட்டிருந்தால் விசாரியுங்கள். பல வண்டிகளில் அந்த நட்டை இறுக்கும்போது நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உள்ளே இரண்டு பேரிங்குக்கு நடுவில் இருக்கும், பேரிங்கின் இறுக்கத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஏர் கன் வைத்து இறுக்கினால் பேரிங் சூடேறி ஊளையிடும். தளர்வாக விட்டால் பினியன் ஆடி, அதோடு சேரும் கிரவுன் சக்கரத்தின் பல்லைத் தின்றுவிடும்.

ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டலாமா? லீவர் போட்டால் மட்டும் 4 வீல் வரும் வண்டி என்றால் 2 வீலில் ஓடும். அதிர்வு முன் ஷாஃப்ட்டிலிருந்துதானா என்று கண்டுபிடிக்க ஒரு நாள் அப்படி ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனையும்கூட. எப்போதும் 4 வீலில் இயங்கும் வண்டியில் முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பங்கிடும் சென்டர் டிஃபரன்ஷியலை லாக் செய்யாவிட்டால் வண்டி நகரவே நகராது. கெட்டித் திரவம் மூலம் சக்தி கடத்தும் விஸ்கஸ் கப்ளிங் இருந்தால் அது வெந்துபோகும். ஷாஃப்ட் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகும் வகை என்றால் உருவியதும் ஆயில் கொட்டும்.

வேளச்சேரி, பள்ளிக்கரணையில் மழைத் தண்ணீரில் இறங்கின வண்டிக்கு கிராஸ் போவது சகஜம்தான், அதை மறுக்கவில்லை. கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் செத்துவிட்டது என்று அர்த்தம். மாற்றச் சொல்லுங்கள், ஆனால் பழைய கிராஸைக் கேட்டு வாங்குங்கள். நான்கு முனையையும் நகத்தால் வருடினால் ஊசி பதிந்த வரிகள் தட்டுப்பட வேண்டும். வழுவழுப்பாக இருந்தால் நல்ல கிராஸைக் கழற்றியிருக்கிறார்கள். கையோடு அளந்து பார்க்க வெர்னியரும் வையுங்கள். இந்தப் பிக்கப்புக்குப் "பழசு" என்று காட்டின கிராஸின் கப், யோக் ஓட்டையைவிட 2 மிமீ பெரிது.