எக்ஸ்பல்ஸ் 200 4வி: பாலாற்று மணலும் ஜவ்வாது மலையும்

ஐந்தடி நான்கு அங்குலம் உயரமுள்ள பெண் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் பைக்கை ஓட்ட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாக முடியும். சீட் உயரம் 823 மில்லிமீட்டர். என் எடைக்கு சஸ்பென்ஷன் அதிகம் இறங்காது, அதனால் இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் முழுசாகப் படாது. சிக்னலில் இடுப்பை இடப்பக்கம் நகர்த்தி இடது பாதத்தை நன்றாக ஊன்றிக்கொள்வேன், வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கும். சரிவான இடமென்றால் மேடாக இருக்கிற பக்கம்தான் கால் இறங்க வேண்டும். வண்டி 158 கிலோதான் என்பதால் ஒரு காலிலேயே தாங்கிவிடலாம்.

என்னிடம் இருப்பது 2021 அக்டோபரில் அறிமுகமான நான்கு வால்வு மாடல். 199.6 சிசி, 19.1 பிஎஸ் (குதிரைத்திறன்), ஐந்து கியர். வாரநாளில் ஆபீசுக்கும் இதுதான், சனி ஞாயிறு மண்ணுக்கும் இதுதான். போன வார இறுதியில் தம்பியும் அவனுடைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொண்டு வந்தான். 40 பிஎஸ், ஆறு கியர், 196 கிலோ. இரண்டையும் ஒரே பாதையில் வைத்துப் பார்க்க நல்ல வாய்ப்பு.

சனிக்கிழமை காலை வேலூர் பக்கம் பாலாற்றில் இறங்கினோம். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஆறு வெறும் மணல்தான். மணல் அள்ளிய பள்ளங்களும் சீமைக்கருவேல முள்ளும் இருப்பதால், ஓட்டப் போகிற தூரத்தை முதலில் நடந்து பார்த்துவிட வேண்டும். இதை நான் ஒரு தடவைகூட விடுவதில்லை. அப்புறம் டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்கினேன். அதற்கும் கீழே போனால் உள்ளே ட்யூப் நசுங்கிக் கிழியும்.

மணலில் இந்த வண்டியின் குணம் நன்றாகத் தெரியும். முன் சக்கரம் 21 இன்ச். ஆழமான மணலில் அது பாம்பு மாதிரி நெளியும், நெளிய விட வேண்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து நேராக்கப் பார்த்தால்தான் வம்பு. கால் வைக்கும் பெக்கில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்தால் பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் மேலெழும்பி மிதந்து போகும். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் குனிந்து பார்க்கவே கூடாது. 17.35 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்றும் விசை) பேப்பரில் ரொம்பக் குறைவாகத் தெரியும். மணலில் அதுதான் எனக்கு உதவி, கை லேசாக அசைந்தாலும் பின் சக்கரம் வெறிபிடித்துக் குழி தோண்டாது. பயமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க முடிகிறது.

தம்பி கொஞ்ச நேரத்திலேயே வியர்த்துப்போய் நின்றான். "அக்கா, வண்டியை மாத்திக்கலாமா?" என்றான். மாற்றிக்கொண்டோம். அவன் வண்டியில் எனக்குப் பிடித்தது இன்ஜின், ஆனால் மணலில் திரும்பும்போது கூடுதலாக இருக்கும் 38 கிலோவும் தோளில் தெரிந்தது. அவனோ என் வண்டியைத் திருப்பித் தர மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

மறுபடி காற்றடித்துக்கொண்டு போளூர் வழியாக ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் ஏறினோம். வளைவுகளில் தார் நன்றாக இருக்கிறது, அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே போன பிறகு, சாமை வயல்களுக்கு நடுவே ஊர்களை இணைக்கும் மண்பாதைகள்தான் விஷயம். உருளைக்கல், மழை அரித்த வாய்க்கால், கல் படிக்கட்டு மாதிரி ஏற்றம். முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர் இறங்கி ஏறும் சஸ்பென்ஷன், அடியில் 220 மில்லிமீட்டர் இடைவெளி. நின்றுகொண்டே முதல் கியரில் ஏறினேன், அடித்தட்டில் ஒரு கல் படவில்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ், என் மாடலில் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். சரளை இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தி, சக்கரத்தை லேசாக இழுபட விட்டு வேகத்தை அடக்கலாம். 2023-ல் வந்த மாடலில் ஏபிஎஸ்ஸுக்குப் பாதைக்கேற்ப மாற்றிக்கொள்ள மூன்று மோடு கொடுத்திருக்கிறார்கள், மலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஊர்ப்பாதையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் வண்டியைத் திருப்பாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், அங்கே வாழ்கிற மலையாளி என்கிற பழங்குடி மக்களுக்கும் நம்மால் தொல்லை. வயலோரம் போகும்போது ஆட்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் நான் போவேன்.

ஞாயிறு காவலூர் வழியாக இறங்கினோம். 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஆலங்காயம், வாணியம்பாடி, அங்கிருந்து ஆறுவழிச்சாலை. இங்கே கணக்கு மாறிவிடும். 80, 85-ல் எக்ஸ்பல்ஸ் சுகமாகப் போகும். அதற்கு மேல் 200 சிசியிடம் கேட்பது நியாயமில்லை. லாரியை முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே கியரை இறக்கி, இடம் பார்த்துத்தான் போக வேண்டும். நின்று ஓட்ட வசதியாகச் சீட்டை ஒடுக்கமாக வைத்திருக்கிறார்கள், அதனால் மணிக்கு ஒருமுறை டீக்கு நிறுத்துவது நல்லது. ஆம்பூர் வருவதற்குள் தம்பி கண்ணுக்கே தெரியவில்லை. வாரம் தவறாமல் பெங்களூர் போய்வருகிறவர் என்றால் அவனுடைய வண்டியைத்தான் வாங்கச் சொல்வேன். பாதி நாளாவது மண்ணில் இருக்கப் போகிறீர்களா, யோசிக்காமல் இது. மண்ணும் நெடுஞ்சாலையும் இரண்டும் வேண்டுமென்றால் ஆறு கியரும் லிக்விட் கூலிங்கும் உள்ள எக்ஸ்பல்ஸ் 210-ஐ ஓட்டிப் பாருங்கள்.

டேங்க் 13 லிட்டர். எனக்கு லிட்டருக்கு 35 சொச்சம் கிடைக்கிறது, மணலில் நன்றாகவே குறையும்.

வாங்குகிறவர்கள் மூன்று பொருளைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்: காற்று அளக்கும் கேஜ், சின்ன பம்ப், 21 இன்ச் ட்யூப். அந்த அளவு ட்யூப் எல்லா பஞ்சர் கடையிலும் கிடைக்காது. அவசரத்துக்கு அதையே பின்னால் 18 இன்ச் சக்கரத்திலும் மடக்கிப் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். சைலன்ஸர் வலப்பக்கம் மேலே தூக்கியிருப்பதால் தண்ணீரில் இறங்க வசதி, ஆனால் அந்தப் பக்கம் துணிப்பையைத் தொங்கவிடாதீர்கள், கருகிவிடும். ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கும்போது செருப்போடு போகாமல், ஓட்டப் போகிற பூட்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். அடியில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைத்தாலே கால் எட்டுகிற விதம் மாறிவிடும்.