பரியாரியாரா, பாமசியா?

முல்லைத்தீவுப் பக்கம் முறிவுக்கும் சுளுக்குக்கும் இன்னமும் நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம்தான் போகிறோம். கைபிடித்துப் பார்ப்பவரும் அவரே, நொச்சி பிடுங்கி எண்ணெய் காய்ச்சுபவரும் அவரே. குடும்பத்தையே அறிந்த கை, அது பெரிய பலம். ஆனால் அவர் பிழைவிட்டால் இடையில் மறித்துக் கேட்க ஆளில்லை.

பாமசி அந்த இடத்தில்தான் வேறு. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், வைத்தியரையும் மருந்து செய்பவரையும் சட்டம் போட்டுப் பிரித்தார், வைத்தியர் மருந்துக்கடையில் பங்குசேரவே கூடாது என்றார், மருந்து விலைக்கும் கட்டுப்பாடு வைத்தார். இன்று கிளிநொச்சியில் நீங்கள் வைத்தியர் எழுதித் தந்த மருந்துத் துண்டை நீட்ட, மருந்தாளர் குளிகையின் அளவை ஒருதரம் சரிபார்க்கிறாரே, அந்தப் பிரிவினை தந்த காவல்தான் அது.

நீரிழிவு, பிரஷர் என்றால் நான் பாமசியைத்தான் சொல்வேன், அதுவும் மருந்தாளர் நிற்கிற நேரம் பார்த்துப் போங்கள். பரியாரியாரின் கசாயமும் குடிப்பதென்றால் இரண்டு பேருக்கும் சொல்லிவிடுங்கள்.