‘ஏஐ பிசி’ ஸ்டிக்கர் ஒட்டிய மடிக்கணினி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எட்டு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் மடிக்கணினியில், வலது உள்ளங்கை படும் இடத்தில் ‘ஏஐ பிசி’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. கணினியில் பெரிய குறை இல்லை. விசைப்பலகை தட்டச்சுக்கு இதமாக இருக்கிறது, பேட்டரி அலுவல் நேரம் முழுவதும் தாங்குகிறது, விசிறிச் சத்தம் அரிதாகவே கேட்கிறது. ஆனால் நான் இதை வாங்கியது அந்த ஸ்டிக்கரை நம்பித்தான் என்பதால், அதில் உள்ள சொல்லைத்தான் முதலில் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

பொதுவான வேலைகளைச் செய்யும் சிபியு, படங்களைக் கையாளும் ஜிபியு ஆகிய வழக்கமான செயலிகளுடன் என்பியு எனப்படும் மூன்றாவது செயலியும் கொண்ட கணினி என்பதே ‘ஏஐ பிசி’ என்பதன் பொதுவான பொருள். செயற்கை நுண்ணறிவு (ஏஐ) மாதிரிகளுக்குத் தேவையான பெருக்கல், கூட்டல்களைக் குறைந்த மின்சாரத்தில் செய்து முடிப்பதற்கென்றே என்பியு வடிவமைக்கப்படுகிறது. அதன் வேகத்தை டாப்ஸ் என்ற அலகால் குறிப்பிடுகிறார்கள். ஒரு டாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள். என்பியு இருக்க வேண்டும் என்று சொல்லும் இந்தப் பெயர், அது எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதத்தில் அறிவித்த ‘கோபைலட் பிளஸ் பிசி’ என்ற பெயருக்கோ வரம்பு உண்டு: என்பியு மட்டுமே குறைந்தது 40 டாப்ஸ் தர வேண்டும், அத்துடன் 16 ஜிபி ராமும் 256 ஜிபி சேமிப்பகமும் இருக்க வேண்டும். இரண்டு பெயர்களும் ஒன்றே என்று நான் எண்ணியிருந்தேன்.

என் கணினியின் விளம்பரத்தில் 34 டாப்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அடியில் இருந்த பொடி எழுத்தைப் பிறகுதான் படித்தேன்: அது மூன்று செயலிகளின் வேகத்தையும் கூட்டிச் சொன்ன எண், அதில் என்பியுவின் பங்கு ஏறத்தாழ 11 மட்டுமே. ஆகவே ஓடும் காணொளியின் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்து வசனமாகக் காட்டுவது, பெயின்ட் என்ற வரைமென்பொருளில் கிறுக்கிய கோடுகளை ஓவியமாக்குவது போன்ற, நான் ஆசைப்பட்ட கோபைலட் பிளஸ் வசதிகள் இதில் இல்லை. என்பியு, சிபியு இருக்கும் சில்லோடு சேர்ந்தே வருவதால், பின்னாளில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

இருக்கும் என்பியு என்ன செய்கிறது என்று, ஒவ்வொரு செயலியின் சுமையையும் கோடாக வரைந்து காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துப் பார்த்தேன். காணொளி அழைப்பில் பின்னணியை மங்கலாக்கியதும் அதன் கோடு மெல்ல எழுந்தது. சிபியுவின் சுமை ஏறவில்லை, கணினியும் சூடாகவில்லை. நாள் முழுவதும் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவருக்கு இது சிறிய நன்மை அன்று. ஆனால் ஏஐ உரையாடல் மென்பொருளிடம் நீண்ட அறிக்கை ஒன்றைச் சுருக்கித் தரச் சொன்னபோது அக்கோடு அசையவே இல்லை; அந்த வேலை முழுவதும் தொலைவில் உள்ள சர்வரில் நடந்தது. அதற்கு எந்தப் பழைய கணினியும் போதும்.

எழுத்து வேலைக்கும் கூட்டங்களுக்கும் இக்கணினியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏஐ வசதிகளுக்காக வாங்குவோர் ஸ்டிக்கரை விட்டுவிட்டு, என்பியுவின் டாப்ஸ் தனியாக எவ்வளவு என்று கேட்டு, விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விசைப்பலகையில் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டைத் திறப்பதற்கென்றே ஒரு விசையும் இருக்கிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை அழுத்தினால், இணைப்பைச் சரிபார்க்கச் சொல்கிறது.