மி தியெர்ரா: பாடகி கொஞ்சம் ஒதுங்கி நின்ற ஆல்பம்

ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய பாப் பாடகர்கள் ஸ்பானிஷில் ஆல்பம் போடுகிறார்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். ஏற்கெனவே ஓடிய ஆங்கிலப் பாட்டுகளை அதே மெட்டில் ஸ்பானிஷில் பாடிச் சேர்ப்பார்கள், கூடவே நாலைந்து புதுப் பாட்டு, மேலாகத் தூவ ஒரு கிடாரும் கொஞ்சம் காங்கா மேளமும், அவ்வளவுதான். கிறிஸ்டினா அகிலேராவின் 2000-ஆம் ஆண்டு ஆல்பமான 'மி ரெஃப்ளெஹோ' கிட்டத்தட்ட அந்த ரகம். குரல் அபாரம், மறுக்கவே மாட்டேன், ஆனால் லத்தீன் இசை அதில் விருந்தாளி மாதிரி வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடும். க்ளோரியா எஸ்டெஃபான் 1993-ல் போட்ட 'மி தியெர்ரா' அப்படி இல்லை. 12 பாட்டு, எதுவும் அவருடைய ஆங்கிலப் பாட்டின் மறுபதிப்பு கிடையாது, ஆனால் பாதிக்கு மேல் கேட்கும்போது இதெல்லாம் 1940களில் க்யூபத் தலைநகர் ஹவானாவில் யாரோ எழுதி வைத்தது என்று சொன்னால் நம்பிவிடுவோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்டெஃபான் 1957-ல் ஹவானாவில் பிறந்தவர், க்யூபப் புரட்சிக்குப் பிறகு சின்னக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு மயாமிக்கு வந்துவிட்டார். மயாமி சவுண்ட் மெஷின் குழுவோடு 1985-ல் 'காங்கா' பாட்டு பெரிய ஹிட். 1990-ல் பஸ் விபத்தில் முதுகெலும்பு உடைந்து, கம்பி வைத்துச் சரிசெய்து மறுபடி மேடை ஏறினார். அமெரிக்க பாப்பில் நல்ல இடத்தில் இருந்தவர் அந்த நேரத்தில் முழுக்க ஸ்பானிஷுக்கு, அதுவும் பழைய க்யூப இசைக்குத் திரும்பியது வியாபாரக் கணக்குப்படி புத்திசாலித்தனமான காரியம் இல்லை. ஆனால் ஆல்பம் ஓடியது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்ட் அந்த ஜூலையில்தான் லத்தீன் ஆல்பங்களுக்கென்று பட்டியல் தொடங்கியது. அதன் முதல் முதலிடமே இதற்குத்தான், மொத்தம் 58 வாரம் அந்த இடத்தில் இருந்தது. கிராமியும் வந்தது. சரி, அதை விடுங்கள், விற்ற கணக்கை வைத்து எந்த ஆல்பத்தையும் பாராட்ட முடியாது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆல்பத்தின் நாயகர்கள் வாத்தியக்காரர்கள். யார் யார் என்று பாருங்கள்: டிம்பாலேஸ் மேளத்தில் டிட்டோ புவென்டே, டிரம்பெட்டில் ஆர்துரோ சாந்தோவால், சாக்ஸபோன், க்ளாரினெட் கலைஞர் பாகிட்டோ டி'ரிவேரா, கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியமான பாஸில் கச்சாவோ, தாள வாத்தியத்தில் ஷீலா ஈ. சாந்தோவாலும் டி'ரிவேராவும் க்யூபாவில் இரக்கேரே என்ற குழுவை ஆரம்பித்தவர்களில் இருவர். டி'ரிவேரா 1980-லும் சாந்தோவால் 1990-லும் நாட்டை விட்டு வெளியேறினார்கள். கச்சாவோ கதை இன்னும் வேறு. 1918-ல் பிறந்தவர், 1930களின் இறுதியில் தன் அண்ணன் ஓரெஸ்டெஸோடு சேர்ந்து டான்சோன் என்ற பழைய க்யூப நடன இசைக்குள் புது நடையைக் கொண்டுவந்தவர், பின்னால் உலகமே ஆடிய மாம்போ நடன இசையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்பேர்ப்பட்டவர் மயாமியில் பல வருஷம் கல்யாண வீடுகளிலும் ஞானஸ்நான விருந்துகளிலும் வாசித்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிய வயதில் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தா வாசி என்று இடம் விட்டதற்கே எஸ்டெஃபானுக்கும் தயாரிப்பாளரான கணவர் எமிலியோவுக்கும் ஒரு கும்பிடு போடலாம்.

பாஸை மட்டும் தனியாகக் கவனித்து ஒரு முறை கேளுங்கள், அதற்கு இயர்போன் அவசியம், போன் ஸ்பீக்கரில் பாதி சங்கதி காணாமல் போய்விடும். நமக்குப் பழகிய பாப் பாட்டில் பாஸ் முதல் தட்டில் பலமாக விழும், காலும் அதைத்தான் தேடும். இங்கே பெரும்பாலும் முதல் தட்டில் ஒன்றுமே இருக்காது. அடுத்து வரப்போகிற கார்டின் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டத்தின்) சுரத்தை முந்தைய சுற்றின் நாலாவது தட்டிலேயே வாசித்துவிட்டு, முதல் தட்டு வரும்போது பாஸ் வாசிப்பவர் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருத்தலில்தான் உடம்பு தானாக அசைகிறது. அதற்கு மேலே க்ளாவே, அதாவது இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுகிற ஐந்து தட்டு, ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. டிரம்பெட், பியானோ, பாடகி எல்லாரும் இந்த ஐந்துக்குள்தான் நடக்க வேண்டும். யாராவது ஒருவர் பாதி மாறி நுழைந்தால் க்யூப இசை பழகிய காதுக்கு உடனே உறுத்தும். ஒன்பதாவது பாட்டான 'மோன்டுனோ'வில் இது எல்லாம் நன்றாகப் பிடிபடும், முதலில் கேட்கிறவர்கள் அங்கே தொடங்கினால் நல்லது.

முதல் பாட்டிலிருந்து ஆரம்பிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கோன் லோஸ் அன்யோஸ் கே மே கெதான்' ஒரு போலேரோ, அதாவது மெதுவான காதல் பாட்டு, எனக்கு மிச்சமிருக்கிற வருஷங்களில் உன்னிடம் தவறியதையெல்லாம் ஈடுகட்டுகிறேன் என்று பாடுகிற பாட்டு. நல்ல பாட்டு, எஸ்டெஃபானின் குரலுக்கு அளவெடுத்துத் தைத்தது. அவருடையது கொஞ்சம் கீழ்ஸ்தாயியில் சொகுசாக உட்காருகிற குரல், மைக்குக்கு நெருக்கமாக நின்று, எதையும் இழுத்துக் கூவாமல் வார்த்தையை வைத்துவிட்டு நகர்கிறார். விபத்தைத் தெரிந்துகொண்டு கேட்டால் 'மிச்சமிருக்கிற வருஷம்' என்பது சும்மா காதல் வசனமாகக் கேட்காது. ஆனால் ஆல்பத்தை இதில் ஆரம்பித்தால், ஓ, இது ஒரு மென்மையான காதல் பாட்டுத் தொகுப்பு போல என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் வயலின்கள் வேறு. அவற்றை யாராவது கொஞ்சம் குறைத்திருக்கலாம். போலேரோவுக்கு இரண்டு கிடாரும் ஒரு மராகாஸ் கிலுகிலுப்பையும் போதும், அதற்கு மேல் போனால் திகட்டுகிறது. 'மி புவென் அமோர்' கேட்கும்போதும் இதே நினைப்புத்தான் வந்தது.

டான்சோன் நடையில் வருகிற 'நோ ஆய் மால் கே போர் பியென் நோ வெங்கா' எனக்கு ரொம்பப் பிடித்தது. டான்சோன் க்யூபாவின் மத்தான்சாஸ் நகரத்தில் 1879 வாக்கில் உருவான நடன இசை. அதில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு உண்டு: முன்னிசை திரும்பத் திரும்ப வரும், அது வரும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நின்று, விசிறியை வீசிக்கொண்டு பேசுவார்கள், அப்புறம் மறுபடி ஆடுவார்கள். வெயில் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த நடனம் என்பது இதிலேயே தெரிகிறது. அவசரமே இல்லாத அந்த நடை இந்தப் பாட்டிலும் இருக்கிறது. 1993-ல் அமெரிக்க பாப் உலகத்திலிருந்து ஒருவர் இதை ரெக்கார்டு செய்தார் என்பதே ஆச்சரியம்.

இனி குறை. சோன் என்கிற க்யூப நடனப் பாட்டின் பின்பாதியில் கோரஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும், இடையிடையே முன்பாடகர் அந்தக் கணத்தில் தோன்றியதை எடுத்துவிட வேண்டும். ஒரு சோனேரோவின், அதாவது சோன் பாடகரின், தகுதியை அளப்பதே அங்கேதான். க்யூபப் பாடகி சேலியா க்ருஸ் மாதிரி ஒருவர் அந்த இடத்தில் நின்றால் கோரஸ்காரர்கள் அடுத்த வரி எடுப்பதற்கே பயப்படுவார்கள். எஸ்டெஃபான் அங்கே பத்திரமாகப் பாடுகிறார், வரிகள் முன்பே எழுதி, ஒத்திகை பார்த்து, அளவாக உட்கார்ந்திருக்கின்றன. தப்பே இல்லை, ஆனால் தப்பு நடந்துவிடுமோ என்ற பதற்றமும் இல்லை. 'சீ சென்யோர்' மாதிரி வேகமான பாட்டுகளில் இந்த இடைவெளியை டிரம்பெட்டும் டிம்பாலேஸும் நிரப்பிவிடுகின்றன, அதனால் நமக்கு நஷ்டம் தெரிவதில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், நல்ல இடத்தில் ஒதுங்கி வாத்தியத்துக்கு வழி விடுகிறார், பாப் நட்சத்திரங்கள் சாதாரணமாகச் செய்கிற காரியம் இல்லை இது.

ஒலிப்பதிவும் கொஞ்சம் அதிகமாகவே சுத்தம். பழைய ஹவானா ரெக்கார்டுகளில் ஒரே அறையில் எல்லாரும் நெருக்கி நின்று வாசித்த வியர்வை காதில் விழும், இதில் ஒவ்வொரு வாத்தியமும் குளித்துப் பவுடர் போட்டு வந்து நிற்கிறது.

தலைப்புப் பாட்டு 'மி தியெர்ரா'வைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மண்ணை விட்டுப் போனவனுக்கு அந்த மண் வலிக்கும் என்று கோரஸில் அடித்துச் சொல்கிற இந்தப் பாட்டை எழுதிய எஸ்தெஃபானோ க்யூபாக்காரர் இல்லை, கொலம்பியர். பாடுகிறவருக்கோ அந்த மண் அம்மா அப்பா சொல்லக் கேட்டதுதான், நடந்து பழகிய நினைவு கிடையாது. இதை வைத்து, ஏக்கமெல்லாம் செய்து வைத்தது என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்க்காத ஊருக்கு ஏங்குகிறவர்கள் ஊரைப் பார்த்தவர்களை விடக் கூடுதலாகவே அதை அழகாக்குவார்கள், ஆல்பம் முழுக்க இருக்கிற அந்த மெருகுக்கும், கொஞ்சம் மிஞ்சின இனிப்புக்கும் காரணம் அதுவாகக்கூட இருக்கலாம். எனக்கு உண்மையிலேயே இடறுவது 'ஆப்லெமோஸ் எல் மிஸ்மோ இதியோமா'. லத்தீன் மக்கள் எல்லாரும் ஒன்று சேர வேண்டும் என்று சொல்கிற பாட்டு, நோக்கம் நல்லது, பாட்டு மேடைப் பேச்சு. கைதட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கடைசிப் பாட்டு 'ட்ரதிசியோன்' அதை மன்னிக்க வைத்துவிடுகிறது. வரிகள் குறைவு, தாள வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் கிளம்பி ஒன்றோடொன்று மோதுகின்றன, பித்தளை ஊது வாத்தியங்கள் நடுவில் வெட்டுகின்றன, இங்கே மட்டும் பவுடர் கொஞ்சம் கலைந்திருக்கிறது. மொத்த ஆல்பத்தையும் இந்தச் சூட்டில் பதிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை, ஒருவேளை கால்வாசிதான் விற்றிருக்கும்.

ஸ்பானிஷ் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். வரிகள் எளிமையானவை, மொழிபெயர்ப்பை ஒரு தரம் படித்துவிட்டால் போதும். பிடித்துப்போனால் அடுத்து 1995-ல் வந்த 'அப்ரியென்தோ புவெர்தாஸ்' கேட்கலாம், அதில் க்யூபாவைத் தாண்டி கொலம்பியப் பக்கமும் போயிருக்கிறார், ஆட்டம் அதிகம், ஆழம் இவ்வளவு இல்லை. 2007-ல் வந்த '90 மில்லாஸ்' மறுபடி க்யூபாவுக்கே திரும்புகிறது, ஃப்ளோரிடாவின் தென்கோடிக்கும் அந்தத் தீவுக்கும் இடையே உள்ள 90 மைல்தான் தலைப்பு. ஆனால் ஒன்று மட்டும்தான் கேட்க நேரம் என்றால் 'மி தியெர்ரா'தான், அதிலும் 'மோன்டுனோ', டான்சோன், 'ட்ரதிசியோன்', இந்த வரிசையில். போலேரோக்களை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.