தஞ்சாவூரில் ஒரு மறதி நோய்ப் பிரிவு: தடுப்பூசி பற்றிக் கேட்டதும் கிடைத்த பதிலும்

திருவையாற்றை அடுத்த எங்கள் கிராமத்திலிருந்து அப்பாவைத் தஞ்சாவூரில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் மறதி நோய்ப் பிரிவுக்கு இந்த ஓராண்டில் 5 முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். அல்சைமர் என்னும் மறதி நோய்க்குத் தடுப்பூசி உண்டா என்ற என் கேள்விக்கு அங்கே கிடைத்த நேர்மையான பதிலே இதை எழுதக் காரணம்.

அதற்கு முன்பு வேறோர் ஊரில் ஒரு சிகிச்சை மையத்தார், வெளிநாட்டு ஞாபகத் தடுப்பூசி என்று சொல்லி 4 ஊசிகள் போட்டு, குறுவை அறுத்து வந்த பணத்தில் 18,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள். ரசீதில் இருந்ததோ வைட்டமின் ஊசி.

தஞ்சாவூர் மருத்துவர் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு, அல்சைமருக்கான தடுப்பூசி எதுவும் இதுவரை எந்த நாட்டிலும் சிகிச்சைக்கு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூளையில் அமிலாய்டு பீட்டா என்னும் புரதம் வாய்க்காலில் வண்டல் சேர்வதுபோல் படிவதையும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டி அந்தப் படிவை நீக்க ஆய்வாளர்கள் முயல்வதையும் ஒரு தாளில் வரைந்தே விளக்கினார். 1999-இல் எலிகளிடம் பலித்த இம்முறையை மனிதர்களிடம் சோதித்தபோது, ஏஎன் 1792 என்ற அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட ஏறத்தாழ 300 பேரில் 18 பேருக்கு மூளையில் அழற்சி கண்டதால், 2002-இல் ஊசி போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அதே ஊசியை அதற்கு முந்தைய சிறு சோதனையில் போட்டுக்கொண்டவர்களுள் சிலர் இறந்தபின் மூளையை ஆராய்ந்ததில், படிவு அநேகமாக முழுதும் நீங்கியிருந்தவர்களுக்கும் மறதி கடைசிவரை முற்றிக்கொண்டே போனது 2008-இல் தெரியவந்தது. படிவை அகற்றினாலே நினைவு திரும்பிவிடும் என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்தும் தடுப்பூசி அல்ல. படிவைத் தாக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தை உடலுக்கு வெளியே தயாரித்து, 2 வாரத்துக்கு ஒரு முறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றும் மருந்து. 18 மாதச் சோதனையில் நோயின் வேகத்தை அது 27 சதவீதம் குறைத்தது. மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் அதன் அபாயங்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கே அது உரியது என்றும், அப்பா அந்த நிலையைத் தாண்டிவிட்டார் என்றும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

பரிசோதனை முழுவதும் தமிழிலேயே நடந்தது. இது என்ன மாதம் என்று கேட்டதற்கு அப்பா, "மேட்டூர் திறந்தாச்சா?" என்று திருப்பிக் கேட்டார். மருத்துவர் அவசரப்படவில்லை. "ஜூன் 12-க்கு இன்னும் நாள் இருக்குங்கய்யா" என்று பதில் சொல்லி, நாற்றங்காலைப் பற்றிச் சற்றுப் பேசவிட்டு, அதன் பிறகே கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் அனைத்தையும் அப்பா வலப்பக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டார்.

குறைகளும் உண்டு. வாரத்தில் ஒரே நாள்தான் பார்க்கிறார்கள். காலை 8 மணிக்குச் சீட்டுப் போட்டாலும் மதியம்வரை காத்திருக்க வேண்டும். இடம் மாறினால் பதறும் நோயாளிகளை இரைச்சலான பொதுக்கூடத்தில் உட்கார வைப்பது சரியில்லை. மாத்திரைச் சீட்டையும் தமிழில் எழுதித் தரலாம்.

ஆனால் அங்குள்ள செவிலியர் அம்மாவோடு அரைமணி நேரம் தனியாகப் பேசினார். விடியுமுன்பே அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போய்விடுகிறார் என்று அம்மா அழுதபோது, கொல்லைக் கதவுக்குக் கண்ணில் படாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார். அன்று மாலையே ஆசாரியை வரவழைத்துப் பொருத்திவிட்டோம்.