சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டம்: ஒரு மதிப்பீடு
நுழைவுக் கட்டணம் ஏதுமின்றி, தன்னார்வலர்களின் உழைப்பை மட்டுமே நம்பி 1998ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் அமைப்பான சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டத்தை, மென்பொருள் துறையில் அடியெடுத்து வைக்கும் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது இதன் வழக்கம். சென்னை ஐஐடி வளாகம் நெடுங்காலம் இதற்கு இடம் தந்திருக்கிறது.

இக்கூட்டத்தின் உண்மையான பயன், உரைகளைக் காட்டிலும் அவற்றைத் தொடர்ந்து எழும் கேள்விகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பல ஆண்டுகளாகச் சர்வர்களைப் பராமரித்து வருபவரும், நேற்றுதான் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையை நிறுவிய கல்லூரி மாணவரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரு பிழைச்செய்தியின் காரணத்தைச் சேர்ந்து தேடும்போது கிடைக்கும் தெளிவை, பெருந்தொகை வாங்கும் பயிற்சி நிலையங்களில் பெறுவது அரிது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை, அதாவது அது எழுதப்பட்ட நிரல் வரிகளை, அனைவரும் திறந்து பார்க்கலாம் என்பதால், அந்தத் தேடல் ஊகத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஆயினும் இது தொடர் வகுப்பு அன்று. பொருள் மாதந்தோறும் மாறும். ஆகவே புதியவர்கள் லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகளையேனும் பழகிக்கொண்டு, தங்கள் மடிக்கணினியுடன் செல்வது நல்லது. பைத்தான் நிரல்மொழியில் மட்டும் ஆர்வமுள்ளவர்களுக்கு, நான்காம் சனிக்கிழமைகளில் கூடும் சென்னைப்பை குழு இன்னும் பொருத்தமாக இருக்கும்.